இரண்டு எஞ்சின்கள்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

ஆதிச்சநல்லூரிலிருந்து வருகிறவன் கல்லூரி மலருக்குக் கட்டுரை எழுதுகிறான் என்றால், அது முதுமக்கள் தாழியைப் பற்றித்தான் இருக்கும் என்று நீங்கள் எண்ணுவது இயல்பே. மலர்க் குழுவில் உள்ள அண்ணன் ஒருவரும் என்னைக் கண்டதும், "தாழி பற்றி நான்கு பக்கம் எழுதிக் கொடு" என்றுதான் கேட்டார். 1876-ல் யாகோர் என்பவர் பெர்லினிலிருந்து வந்து எங்கள் ஊர்ப் பரம்பைத் தோண்டிக் கிடைத்தவற்றைப் பெர்லினுக்கே கொண்டுபோனதும், 1899 முதல் அலெக்சாந்தர் ரீ அங்கே பொன் நெற்றிப்பட்டங்களையும் இரும்பு வாள்களையும் எடுத்ததும் எங்கள் ஊர்ச் சிறுவர்களுக்குப் பாடம் நடத்தாமலே தெரியும். அவற்றைச் சொல்ல அறிஞர் பலர் இருக்கின்றனர். நான் எழுத வந்தது விமானத்தைப் பற்றி. அண்ணன் மன்னிக்க வேண்டும்.

விமானத்தில் ஏறியவன் அல்லன் நான். வாகைக்குளத்தில் இறங்கும் விமானத்தைத் தூத்துக்குடி போகும்போது பேருந்துச் சன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. ஆயினும் சென்ற பருவத்தில் எங்கள் துறையின் இயற்பியல் மன்றத்தில் ஆளுக்கொரு தலைப்பில் பேச வேண்டும் என்று பேராசிரியர் சீட்டுக் குலுக்கிப் போட்டபோது, எனக்கு வந்த சீட்டில் 'விசையின் திருப்புத்திறன்' என்று இருந்தது. எல்லாரும் கதவையும் கீலையும் காட்டிப் பேசுகிற தலைப்பு அது. வேறு எடுத்துக்காட்டுத் தேடி நூலகத்தில் புரட்டிக்கொண்டிருந்தேன். அட்டை கிழிந்த ஒரு பழைய போர் விமானப் புத்தகத்தில் இரண்டு வால்கள் உள்ள ஒரு விமானத்தின் படம் கண்ணில் பட்டது. இரண்டு நீண்ட தண்டுகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஓர் எஞ்சின், நடுவில் முட்டை போன்ற ஒரு கூடு, அதில் விமானி. யாரோ இரண்டு விமானங்களை வெட்டி ஒட்டியது போல இருந்தது. 'இதை எவன் வரைந்திருப்பான்?' என்றே முதலில் தோன்றியது.

அதன் பெயர் பி-38. கதை 1937-ல் தொடங்குகிறது. அமெரிக்கத் தரைப்படையின் விமானப் பிரிவு அவ்வாண்டு இரண்டு சுற்றறிக்கைகளை விமான நிறுவனங்களுக்கு அனுப்பியது. உயரத்தில் வரும் பகை விமானத்தை வழிமறிக்க ஒரு விமானம் வேண்டும். மணிக்கு 360 மைல் பறக்க வேண்டும். 20,000 அடி உயரத்தை ஆறே நிமிடத்தில் எட்ட வேண்டும். ஒற்றை எஞ்சினில் செய்து காட்டுங்கள் என்றது ஓர் அறிக்கை. இரட்டை எஞ்சினில் செய்து காட்டுங்கள் என்றது மற்றொன்று. அதன் எண் எக்ஸ்-608. இந்த நிபந்தனைகளை எழுதியவர்களுள் ஒருவரான கெல்சி என்னும் இளம் அதிகாரி ஒரு தந்திரமும் செய்தார். வழக்கமான போர் விமானம் 500 பவுண்டுக்கு மேல் ஆயுதம் சுமக்கக் கூடாது என்ற எண்ணம் மேலிடத்தில் ஊறியிருந்தது. எனவே அந்தப் பழைய பெயரையே விட்டுவிட்டு 'இடைமறிப்பு விமானம்' என்று புதுப் பெயர் சூட்டி, ஆயுத எடையை இருமடங்காகக் கேட்டார். பெயரை மாற்றினால் விதி மாறும் என்பதை அலுவலகங்களுக்கு நடந்து சான்றிதழ் வாங்கிய நம்மில் பலரும் அறிவோம்.

வல்ட்டி நிறுவனம், ஹவர்ட் ஹியூஸின் நிறுவனம் முதலியவை தம் தம் வரைபடங்களை அனுப்பின. வென்றது லாக்கீட். வரைந்தவர் கெல்லி ஜான்சன். அப்போது அவருக்கு வயது 27. சுவீடனிலிருந்து பிழைக்க வந்த ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது லாக்கீடின் புதிய பயணி விமானத்தின் மாதிரியைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதிக்கும் வேலையில் இருந்தவர். 1933-ல் மாதம் 83 டாலர் சம்பளத்தில் அதே நிறுவனத்தில் சேர்ந்த புதிதில், "உங்கள் விமானம் நிலையாகப் பறக்காது" என்று அங்கிருந்த பெரியவர்களிடமே சொன்னார். 'அப்படியானால் நீயே சரிசெய்து வா' என்று அவரைத் திருப்பி அனுப்பினார்கள். இரட்டை வால் வைத்துச் சரிசெய்துகொண்டு வந்தார். இந்த இடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். பெரியவர்கள் கூடியிருக்கும் இடத்தில் 'இது சரியில்லை' என்று சொல்லும் வாய் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. ஏன் இதைச் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

எக்ஸ்-608-க்காக ஜான்சன் ஒரே ஒரு படம் வரையவில்லை. ஆறு வகையாக வரைந்து பார்த்தார். நடுவுடலும் இறக்கைக்கு ஓர் எஞ்சினுமாக எல்லாரும் செய்கிற வழக்கமான வடிவம் ஒன்று. எஞ்சின்கள் இரண்டையும் உடலுக்குள் புதைத்துவிட்டுத் தண்டும் பற்சக்கரமும் வைத்து இறக்கையில் உள்ள சுழலிகளைச் சுற்றுவது இன்னொன்று. இரட்டைத் தண்டு வைத்து விமானியை ஒரு பக்கத் தண்டிலேயே உட்கார வைப்பது மற்றொன்று. இப்படிப் போய் முடிவில் நின்றது, நான் படத்தில் கண்ட வடிவம். அது அழகுக்காக வரைந்தது அன்று என்பதுதான் வியப்பு. அன்று கிடைத்த அலிசன் எஞ்சின் ஏறத்தாழ 1,000 குதிரைத்திறன் தந்தது. கேட்ட வேகத்துக்கு ஒன்று போதாது, எனவே இரண்டு. உயரத்தில் காற்று மெலிந்துவிடும். எஞ்சினுக்கு மூச்சு முட்டாமலிருக்க, புகைபோக்கும் வாயுவாலேயே சுழன்று காற்றை அமுக்கித் தரும் டர்போ கருவி ஒன்று வேண்டும். அதற்குப் பின்னால் குளிர்விக்கும் ரேடியேட்டர். மடங்கும் சக்கரத்துக்கும் இடம். இவற்றை எஞ்சினுக்குப் பின்னால் வரிசையாக வைத்துப் பார்த்தபோது, அந்தத் தண்டு ஏறத்தாழ வால்வரை வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் நீட்டி வாலையும் அதிலேயே மாட்டிவிட்டார். நடுக்கூட்டின் மூக்கில் சுழலி இல்லாததால் துப்பாக்கிகள் அனைத்தையும் அங்கே வைத்து நேராகச் சுடவும் முடிந்தது.

1939 ஜனவரி 27 அன்று முதன்முதலாகப் பறந்தது. இரண்டு வாரங்களில், பிப்ரவரி 11 அன்று, நாட்டைக் குறுக்கே கடந்து நியூயார்க்கில் இறங்கும் வேளையில் விழுந்து நொறுங்கியது. ஓட்டிவந்த கெல்சி பிழைத்தார். இருந்த ஒரே விமானமும் போயிற்று. ஆயினும் ஏப்ரல் மாதத்திலேயே 13 விமானங்களுக்கு ஆணை வந்துவிட்டது. போர் முடிவதற்குள் பத்தாயிரத்துக்கு மேல் கட்டினார்கள்.

இதையெல்லாம் ஒரு நாள் இரவு வீட்டுத் திண்ணையில் வைத்து அப்பாவிடம் சொன்னேன். அப்பா தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகப் பக்கம் படகு எஞ்சின் பழுது பார்க்கிறவர். எட்டாம் வகுப்போடு நின்றவர். பீடியை அணைத்துவிட்டு, "ஏல, இதுல என்ன அதிசயம்? எஞ்சின் எது கைக்கு வரும்னு தெரியாம எவனாவது ஏரா வைப்பானா?" என்றார்.

ஏரா என்பது படகின் அடிமரம். படகு கட்டும்போது முதலில் வைப்பது அது. வள்ளத்துக்குப் பெரிய எஞ்சினைக் கொண்டுவந்து வைத்தால் பின்பக்கம் அமுங்கும். சிறியதை வைத்தால் அலையை ஏறாது. பாய்க்காகக் கட்டிய தூத்துக்குடித் தோணிகளில் பிற்காலத்தில் எஞ்சின் ஏற்றியபோது என்னென்ன பாடுபட்டார்கள் என்பதை அப்பா அரைமணி நேரம் சொன்னார். எஞ்சின் உட்காரும் இடத்தில் மரத்தைத் தடிப்பாக்க வேண்டுமாம். தண்டு போகும் துளையில் தண்ணீர் புகாமல் காக்க வேண்டுமாம். ஓட ஓட அதிர்ந்து ஆணி இளகுமாம். கெல்லி ஜான்சன் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

ஏரா வைத்த பிறகு எஞ்சின் வராமல் போனால்? அந்தக் கதையும் நம் நாட்டிலேயே இருக்கிறது. அது பெங்களூரில் நடந்தது.

1950-களின் நடுவில் நம் விமானப் படை ஒலியைப் போல் இருமடங்கு வேகத்தில் பறக்கும் ஒரு போர் விமானத்தைக் கேட்டது. உயரத்தில் இடைமறிக்கவும் வேண்டும், தாழ்ந்து பறந்து தாக்கவும் வேண்டும். அதை வடிவமைக்க 1956-ல் பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலைக்கு வந்தவர் ஜெர்மானியரான குர்ட் டாங்க். உலகப் போரில் ஜெர்மனிக்குப் பெயர்பெற்ற போர் விமானங்களை வரைந்தவர். போருக்குப் பின் அர்ஜென்டினாவில் இருந்துவிட்டு இங்கு வந்தார். எங்கள் ஊர்த் தாழி பெர்லினுக்குப் போன கணக்கு இப்படி நேராயிற்று என்று வைத்துக்கொள்ளலாம். அவருடன் ஒரு சிறு ஜெர்மானியக் குழு. மற்றவர் அனைவரும் நம்மவர்கள். அதற்கு முன் நம் நாட்டில் வடிவமைத்த விமானம் என்றால் காட்கே வரைந்த எச்.டி.-2 போன்ற பயிற்சி விமானம்தான். இவ்வளவு சிறிய அடித்தளத்தில் நின்றுகொண்டு இத்தனை பெரிய தாவலுக்குத் துணிந்தார்கள்.

முதலில் அதே அளவில், அதே வடிவில், எஞ்சினே இல்லாத மர விமானம் ஒன்றைச் செய்து, டக்கோட்டா விமானத்தின் பின்னால் கயிறு கட்டி இழுத்துப்போய் விட்டுச் சோதித்தார்கள். 1959 முதல் 78 முறை அப்படிப் பறந்தது. பிறகு 1961 ஜூன் 17 அன்று சுரஞ்சன் தாஸ் என்னும் சோதனை விமானி உண்மையான விமானத்தில் ஏறிப் பறந்தார். எச்.எப்.-24, பெயர் மாருத். காற்றின் பெயர். இரண்டு ஜெட் எஞ்சின்களும் உடலுக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். படத்தைப் பார்த்தவர்கள், நடுவில் இடை சிறுத்த அந்த ஒல்லியான உடலை மறக்க மாட்டார்கள்.

ஆனால் அந்த உடல் எந்த எஞ்சினுக்காக வரையப்பட்டதோ அந்த எஞ்சின் வரவே இல்லை. பிரிட்டனின் பிரிஸ்டல் நிறுவனத்து ஆர்பியஸ் 12 என்னும் எஞ்சினை நம்பி வரைந்தார்கள். பின்னெரிப்புடன் ஒன்று 8,170 பவுண்டு உந்துவிசை தர வேண்டியது. மேலை நாடுகளுக்கு அது வேண்டாமற்போகவே, அந்த எஞ்சினை உருவாக்கி முடிக்கும் செலவை இந்தியா தர வேண்டும் என்றார்கள்; நாம் தரவில்லை. கையில் இருந்தது ஆர்பியஸ் 703; அது தருவது 4,850 பவுண்டு. வேண்டியதில் ஐந்தில் மூன்று பங்கு. வேறு யோசனைகளும் வந்தன. சோவியத் எஞ்சின் ஒன்றைப் பார்த்தார்கள். எகிப்து அப்போது உருவாக்கிக்கொண்டிருந்த எஞ்சினைப் பொருத்திப் பார்க்க ஒரு மாருத்தை எகிப்துக்கே அனுப்பினார்கள். 1967-ல் அங்கே பறக்கவும் செய்தது. அந்தத் திட்டம் 1969-ல் நின்றுபோயிற்று. இருந்த எஞ்சினுக்கே பின்னெரிப்புச் சேர்த்த ஒரு சோதனை விமானம் 1970 ஜனவரி 10 அன்று பெங்களூரில் விழுந்தது. முதல் நாள் முதல் அதை வளர்த்த சுரஞ்சன் தாஸ் அதில் இறந்தார்.

இதற்கிடையில், நமக்கே உரிய விமானமா, வெளியில் வாங்குவதா என்ற போட்டியும் நடந்தது. அமெரிக்காவிடம் எப்-104 கேட்டோம். பாகிஸ்தானுக்குக் கொடுத்தவர்கள் நமக்குக் கொடுக்கவில்லை. அதை வரைந்தவர் யார் தெரியுமா? அதே கெல்லி ஜான்சன்தான். 1962-ல் சோவியத் நாட்டு மிக்-21 வாங்க முடிவாயிற்று. வேகம் வேண்டியவர்கள் அதன் பக்கம் போய்விட்டார்கள். மாருத், ஒலியின் வேகத்தை ஒட்டி நின்றுவிட்ட விமானமாக, தாழ்ந்து பறந்து தாக்கும் வேலைக்கு 1967-ல் விமானப் படையில் சேர்ந்தது. மொத்தம் 147 கட்டினார்கள். 1971 போரில் ராஜஸ்தான் பக்கம் பறந்தது. பகைவரின் சேபர் விமானம் ஒன்றையும் வீழ்த்தியது. அந்தப் போரில் குண்டடி பட்டு ஓர் எஞ்சின் நின்றபின் மற்றோர் எஞ்சினாலேயே திரும்பி வந்த மாருத்துகளும் உண்டு. குறைந்தது மூன்று முறை அப்படி நடந்ததாகப் பதிவு இருக்கிறது.

என் சொற்பொழிவை இங்கேதான் முடிப்பதாக இருந்தேன். ஓர் எஞ்சின் போனாலும் மற்றொன்று காப்பாற்றும். எனவே இரண்டு எஞ்சின் இருமடங்கு பாதுகாப்பு என்று எழுதி வைத்திருந்தேன். கைதட்டலுக்கும் அது பொருத்தமான முடிவு.

முந்திய நாள் இரவு அதை வீட்டில் உரக்கப் படித்துப் பார்த்தேன். அக்கா எதிரில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. இலையைச் சுருட்டி நூல் கட்டிக்கொண்டே, "ஏல தம்பி, ரெண்டு எஞ்சின்னா கெட்டுப்போறதுக்கும் ரெண்டு இருக்குல்லா?" என்றாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு என் நோட்டை வாங்கினாள். "நூறு தடவ பறந்தா ஒரு தடவ ஒரு எஞ்சின் நிக்கும்னு வச்சுக்க. ரெண்டு இருந்தா, ரெண்டுல ஏதோ ஒண்ணு நிக்கிறது நூத்துக்கு ரெண்டு தடவ வந்துரும். ரெண்டும் சேந்து நிக்கிறது பத்தாயிரத்துக்கு ஒண்ணு. அப்போ தொந்தரவு கூடத்தான் வரும். ஒண்ணுல பறக்க முடிஞ்சாத்தான் லாபம். முடியுமா?"

முடியுமா என்பதை அன்றிரவு விடிய விடியப் படித்தேன். பி-38 தரையை விட்டு எழும்பும் நேரத்தில் ஓர் எஞ்சின் நின்றால், நன்றாக ஓடும் மற்றோர் எஞ்சின்தான் எமன். அது நடுவிலிருந்து தள்ளி இறக்கையில் இருப்பதால், அதன் இழுவை விமானத்தைச் செத்த எஞ்சின் பக்கம் திருப்பிக் கவிழ்த்துவிடும். விசை எவ்வளவோ, நடுக்கோட்டிலிருந்து தூரம் எவ்வளவோ, அவற்றின் பெருக்கல்தான் திருப்புத்திறன். புதிய விமானிகள் பதறிப்போய் ஓடும் எஞ்சினுக்கு இன்னும் விசை கொடுத்து மாண்டார்கள். ஓடுகிற எஞ்சினை முதலில் குறைக்க வேண்டும். விமானத்தை நேராக்க வேண்டும். அதன் பிறகுதான் மெல்ல மெல்ல விசையைக் கூட்ட வேண்டும் என்று அவர்களுக்குத் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. மாருத்திலோ இரண்டு எஞ்சின்களும் நடுக்கோட்டை ஒட்டியே இருந்தன; தூரம் சிறிது, திருப்பமும் சிறிது. ஓர் எஞ்சினோடு அது வீடு வந்து சேர்ந்ததில் இந்தத் தூரத்துக்கும் பங்கு உண்டு. திருப்புத்திறனுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எங்கே கிடைக்கும்?

மறுநாள் மன்றத்தில் பேசினேன். முடிந்ததும் பேராசிரியர் ஒருவர் எழுந்து, "இரண்டு எஞ்சின் என்றால் இருமடங்கு பாதுகாப்பு என்று சொல்லலாமா?" என்று கேட்டார். அக்கா போட்ட கணக்கை அப்படியே கரும்பலகையில் போட்டேன். நூற்றுக்கு இரண்டு, பத்தாயிரத்துக்கு ஒன்று. பேராசிரியர் மேடைக்கு வந்து முதுகில் தட்டினார். முதல் பரிசும் தந்தார்கள். அது ஓர் அகராதி.

ஆசிரியப் பெருமக்களே, அந்தக் கணக்கு என்னுடையது அன்று. அன்று அதைச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அக்கா என்னைவிட மூன்று வகுப்பு மூத்தவள். பத்தாம் வகுப்பில் கணக்கில் 98 எடுத்தவள். 2021-ல் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தாள். முடித்தாள் என்றா சொல்வது? கொரோனாவால் அந்த ஆண்டு பொதுத்தேர்வே நடக்கவில்லை. பழைய மதிப்பெண்களைக் கூட்டி வகுத்துக் கொடுத்தார்கள். 'எழுதியிருந்தால் இன்னும் எடுத்திருப்பேன்' என்று அவள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அதனாலேயே எனக்கு அது மறப்பதில்லை. அந்தக் கோடையில் அப்பாவின் வலக்கை வேலை செய்த இடத்தில் பெல்ட்டில் சிக்கியது. ஏழு மாதம் வேலை இல்லை. இரண்டு விரல்கள் இன்றும் மடங்காது.

எங்கள் வீட்டிலும் அப்போது யோசனைகள் வந்தன. கணக்கு டீச்சர் வீடு தேடி வந்து, இவளைக் கல்லூரியில் போடுங்கள், விண்ணப்பத்தை நானே நிரப்பித் தருகிறேன் என்றார். மாமா வந்து, பெண்பிள்ளைக்கு ஒரு வரன் பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னார். அம்மா, ஒரு வருடம் போகட்டும், அப்பாவின் கை சரியாகட்டும் என்றாள். கடைசி யோசனை அக்காவுடையது. "நான் அம்மாகூட பீடி சுத்துதேன். தம்பி ஒழுங்கா படிக்கட்டும்" என்றாள். எல்லாரும் அதற்கு ஒப்புக்கொண்டார்கள். மாமாகூட.

நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்தேன். சிறுபிள்ளை என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் திண்ணையில் அவர்கள் பேசியது அனைத்தும் எனக்குப் புரிந்தது. அக்காவின் யோசனையில் நட்டம் யாருக்கு, ஆதாயம் யாருக்கு என்பதும் புரிந்தது. 'இது சரியில்லை' என்று சொல்ல வாய் வரவில்லை. உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது. அந்த நிம்மதிதான் இன்றுவரை என்னை அறுக்கிறது. ஓடுகிற எஞ்சினைக் குறைத்தார்கள், வீடு நேராயிற்று. அதன் பிறகு விசையைக் கூட்ட வேண்டும் என்பது ஒருவருக்கும் நினைவில்லை.

மறு ஆண்டு, 2022 செப்டம்பரில், அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரியில் சேர்ந்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் வந்தது. கல்லூரியில் இல்லாதவளுக்கு அது எப்படிக் கிடைக்கும்? 2024-ல் நான் இங்கே சேர்ந்தபோது ஆண்களுக்கும் தமிழ்ப் புதல்வன் என்று அதே தொகை வந்துவிட்டது. என் கணக்கில் ஏறுகிறது. அக்கா ஒரு நாளைக்கு 700 பீடி, வேலை நெருக்கினால் 800.

மாருத்தைப் பற்றி எழுதியவர்களில் பலர், அதன் உடல் அதன் எஞ்சினைவிட மேலானது என்று எழுதுகிறார்கள். இன்றுவரை நம் நாட்டை இந்த எஞ்சின் சிக்கல் விடவில்லை. கோவைக்குப் பக்கத்தில் சூலூரில் நிற்கும் தேஜஸ் விமானத்துக்காகப் பெங்களூரில் காவிரி என்று பெயரிட்டு ஓர் எஞ்சின் உருவாக்கத் தொடங்கினார்கள். அது தேறவில்லை. 2001 ஜனவரி 4 அன்று தேஜஸ் முதலில் பறந்தது அமெரிக்க எஞ்சினால்தான், இன்றும் அப்படியே. அடுத்து இரட்டை எஞ்சின் விமானம் ஒன்றுக்கு 2024-ல் அரசு ஒப்புதல் கொடுத்திருக்கிறது. இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "எஞ்சின் யாருது?"

பரிசாக வந்த அகராதியை அக்காவிடம் கொடுத்து, மன்றத்தில் நடந்ததையும் மறைக்காமல் சொன்னேன். கோபிப்பாள் என்று எதிர்பார்த்தேன். "பத்தாயிரத்துக்கு ஒண்ணுன்னு சரியாச் சொன்னியா? பூச்சியத்த விட்டுறலயே?" என்றுதான் கேட்டாள். பிறகு அந்த விமானத்தை மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று பீடிக்கடைப் பாஸ்புத்தகத்தின் பின்னட்டையில் வரையச் சொன்னாள். நான் வரைந்ததில் இரண்டு தண்டும் ஒரே நீளமாக இல்லை என்று அவளே அழித்துத் திரும்ப வரைந்தாள்.

சென்ற வாரம் திருநெல்வேலிக்குப் போய் தொலைநிலைக் கல்வியில் கணிதப் பட்டப்படிப்புக்கான விண்ணப்பம் ஒன்று வாங்கி வந்தேன். கட்டணத்துக்கு என் கணக்கில் சேர்ந்திருக்கும் ஆயிரங்கள் போதும். மாமா மறுபடி ஒரு வரன் கொண்டுவந்திருக்கிறார். அந்தப் பேச்சும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. இந்த முறை திண்ணையில் நானும் உட்கார்ந்தேன். "அக்கா படிக்கட்டும் மாமா" என்றேன். குரல் நடுங்கியது. மாமா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அப்பா மடங்காத அந்த இரண்டு விரல்களையும் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "கடைசித் தேதி எப்பல?" என்றார்.

விண்ணப்பம் மாடக்குழியில் இருக்கிறது. பெயர், பிறந்த தேதி, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் வரை அக்கா தன் கையாலேயே நிரப்பிவிட்டாள். அதற்குக் கீழே, 'படிப்பில் இடைவெளி இருப்பின் காரணம்' என்று ஒரு கட்டம். அதை மட்டும் வெறுமையாக விட்டு, "இத நீயே எழுதிருல" என்று என்னிடம் கொடுத்திருக்கிறாள். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்.